அத்தானிடம் எங்கே என்று கேட்கக் கூடாது

ரொறன்ரோவில், மோர்னிங்சைட் அடுக்குமாடிக் கட்டடத்தின் பின்பக்கத் தரிப்பிடத்தில் அத்தானின் பழைய நீல வான் வண்டி உறுமிக்கொண்டு நிற்கிறது. நான்கு ரயர்களுக்கு முன்னாலும் ஒவ்வொரு தேசிக்காய். கூரையில் தறப்பாளால் மூடிக் கட்டிய கூடாரமும் மடக்குக் கதிரைகளும். பின் இருக்கையில், மடியில் ஐஸ் பெட்டியும் காலடியில் அரிசிப் பையுமாக நான் நெரிபடுகிறேன். முன் இருக்கையில் அக்கா கண்ணை மூடிக் கும்பிடுகிறாள். அத்தான் வானைச் சுற்றிக் கற்பூரம் காட்டி முடித்து, சாரதி ஆசனத்தில் ஏறி, கண்ணாடியைச் சரிசெய்கிறார். என் நாக்கு நுனியில் ஒரு கேள்வி நிற்கிறது. அதைக் கேட்டால் பயணம் அந்த இடத்திலேயே முடிந்துவிடும். இந்தக் காட்சி எத்தனை கோடைகளில் நடந்தது என்று எனக்கு நினைவில்லை. கேள்வியை விழுங்கிய எரிச்சல் மட்டும் இன்றைக்கும் தொண்டையில் இருக்கிறது.

புறப்படுகிறவரை "எங்கை போறியள்?" என்று கேட்கக் கூடாது என்பது எங்கள் ஆட்களிடம் இருக்கிற வழக்கம்தான். கேட்டால் போகிற காரியம் சரிவராது. கேட்காமல் இருக்க முடியாதவர்கள் "தூரமோ?" என்று கேட்கலாம். "இல்லை, உதிலை ஒருக்கால் போட்டு வாறன்" என்று பதில் வரும். சந்தைக்கோ கோயிலுக்கோ சைக்கிளில் போகிறவர்களுக்கு இது போதும். ஊரில் உதிலை என்றால் இந்தா பக்கத்தில்தான். அத்தான் அதே வழக்கத்தை ஒன்ராறியோவின் வடக்குக் காட்டுக்குள்ளும் ஏற்றிக்கொண்டு போனார். அவருடைய உதிலைக்குப் போய்ச் சேர ஒரு பகல் முழுக்க ஓட வேண்டும். கனடாவுக்கு வந்த முதல் கோடையில், ஒன்றும் அறியாமல், வானுக்குள் இருந்து "எங்கை அத்தான் போறம்?" என்று கேட்டுவிட்டேன். அவர் இயந்திரத்தை நிறுத்தினார், இறங்கினார், மேலே வீட்டுக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டுக் கட்டிலில் படுத்துக்கொண்டார். அடுத்த நாள் காலையில்தான் வெளிக்கிட்டோம். முதல் நாள் வைத்த தேசிக்காய்களுக்குப் பதிலாகப் புதிதாக நான்கு வாங்கி வரும் வேலை எனக்கு வந்தது.

இதற்கு அவரிடம் ஒரு கதையும் உண்டு. ஊரிலிருந்து கொழும்புக்கு விமானம் ஏறப் புறப்பட்ட அன்று, படலையடியில் ஒரு தூரத்துச் சொந்தக்காரி "எங்கை தம்பி வெளிக்கிட்டாச்சு?" என்று கேட்டாவாம். இவரும் வாயைத் திறந்து "கனடாவுக்கு" என்று சொல்லிவிட்டாராம். அதற்குப் பிறகுதான் சோதனைச் சாவடியில் பிடித்து வைத்தார்களாம், விமானம் தவறியதாம், மறுபடி வெளிக்கிட மாதக் கணக்காயிற்றாம். அந்த நாட்களில் சாவடியில் மறிக்கப்படாத ஒரு தமிழ்ப் பொடியனைக் காட்டச் சொல்லுங்கள் பார்ப்போம். அந்த மனுசி கேட்காமல் விட்டிருந்தாலும் மறித்துத்தான் இருப்பார்கள். இதை அத்தானிடம் பல தடவை சொல்லியிருக்கிறேன். அவர் ரேடியோ கேட்பதுபோலத் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "நீர் அங்கை இல்லைத்தானே" என்று முடித்துவிடுவார்.

எல்லோரும் போகிற பூங்காக்களுக்கு அவர் போகமாட்டார். அங்கே கூடாரத்துக்கு இலக்கம் போட்டுத் தருகிறார்கள், பக்கத்துக் கூடாரத்துக்காரனின் குறட்டையைக் கேட்க வேண்டியிருக்கிறது என்பார். அவருக்குத் தார் றோட்டு முடிய வேண்டும். பெருந்தெருவை விட்டுத் திரும்பி, கடைசிப் பெற்றோல் நிலையத்தையும் தாண்டி, மரம் ஏற்றும் லொறிகளுக்காகப் போட்ட கல் றோட்டில் வானின் முன் சக்கரம் இறங்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். அதுவரை வாயே திறக்காதவர் "ஆ, இப்பதான் றோட்டு" என்பார். எங்களுக்கோ பல்லும் எலும்பும் கழன்றுவிடும்போல இருக்கும். புழுதி யன்னல் இடுக்கால் வந்து அக்காவின் தலைமயிரையும் இடியப்பத்தையும் ஒரே நிறமாக்கும். எதிரே ஒரு லொறி வந்தால், அது போய் நெடுநேரம் வரை எதுவும் தெரியாது. அத்தான் புழுதி அடங்கும்வரை ஓரமாக நிறுத்திவிட்டுப் பாக்குப் போடுவார். றோட்டு ஒடுங்கி, நடுவில் புல் முளைத்து, கடைசியில் ஏதோ ஒரு குளக்கரையில் முடியும். சாரத்தை மடித்துக் கட்டி, முழங்கால் வரை றப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, நாட்டின் சொந்தக்காரர்போல நின்று "வந்திட்டம்" என்பார். எங்கே வந்துவிட்டோம் என்பதை அப்போதும் சொல்லமாட்டார். திரும்பிப் போகிற பயணமும் ஒரு பயணம்தானே.

இடம் நன்றாகத்தான் இருக்கும். அதை மறுத்தால் நான் பொய்க்காரி. தேத்தண்ணி நிறத்தில் தண்ணீர், அதன் கரைவரை இறங்கி நிற்கும் காடு, நாங்கள் மூன்று பேர். அக்கா பாறையில் இருந்து சீப்பால் தலை இழுப்பாள். நுளம்பும் கறுத்த ஈயும் என்னைத் தின்னும், அத்தானை ஏனோ தொடாது. நான் ஏன் ஒவ்வொரு வருடமும் போனேன் என்று கேட்டால், அக்கா கூப்பிட்டாள் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. நாளுக்குப் பத்து வார்த்தை பேசுகிற மனுசனோடு காட்டுக்குள் தனியே இருந்தால் தனக்கு விசர் பிடித்துவிடும் என்று சொல்லித்தான் என்னை இழுத்துப் போவாள்.

ஆனால் அந்தப் பாறையில் இருந்துகொண்டு நான் நினைத்ததெல்லாம் ஒன்றேதான். எங்களுக்கு இங்கே ஏதாவது நடந்தால் யார் தேடி வருவது? எங்கே என்று தேடுவது? போனில் சிக்னல் ஒரு கோடுகூட விழாது. நான் மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். நீண்ட வார விடுமுறைக்கு எங்கே போகிறாய் என்று அங்கே கேட்பார்கள். "வடக்கே" என்பேன். வடக்கே எங்கே என்பார்கள். சிரித்துச் சமாளிப்பேன். ஒன்ராறியோவில் வடக்கு என்றால், அதற்குள் எங்கள் இலங்கை எத்தனை தடவை அடங்கும் என்று அவர்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும். அக்காவிடம் முறையிட்டால், "அவர் கூட்டிக்கொண்டு போவார், கூட்டிக்கொண்டு வருவார். உனக்கேன் உந்த விடுப்பும் விசாரணையும்?" என்பாள். அவளுக்கும் தெரிந்துகொள்ள ஆசை இருந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அக்காவுக்குச் சீனி வருத்தம் முற்றி இன்சுலின் ஊசிக்கு மாறிய பிறகு வந்த ஓகஸ்ட் நீண்ட வார விடுமுறை அது. ஊசிப் பேனா இரண்டு எடுத்து வை என்று நான் சொன்னேன். "மூண்டு நாளைக்கு என்னத்துக்கு ரெண்டு?" என்றாள். தூரமோ என்று அத்தானைக் கேட்டேன். "கிட்டத்தான்" என்றார். முன்னைய பயணங்களைவிட அதிக தூரம் அன்றைக்குத்தான் ஓடினோம். ஞாயிறு முழுக்க மழை. தறப்பாளுக்குக் கீழே இருந்து இறைச்சிக் கறியும் சோறும் சாப்பிட்டோம். திங்கள் காலையில் மழை விட்டது. எல்லாவற்றையும் கட்டி ஏற்றிக்கொண்டு திரும்பினோம். கொஞ்சத் தூரத்தில் அத்தான் பிரேக்கை அழுத்தினார். முன்னால் றோட்டு இல்லை. மேலே எங்கோ பீவர் என்கிற ஆற்று விலங்குகள் கட்டி வைத்திருந்த அணை மழைக்கு உடைந்து, றோட்டுக்குக் கீழே போட்டிருந்த குழாயையும் அதன்மேல் இருந்த கல்லையும் மண்ணையும் ஒரேயடியாக அள்ளிக்கொண்டு போயிருந்தது. வான் ஒன்று குறுக்கே படுக்கக்கூடிய அகலத்தில் பள்ளம், அதற்குள் செந்நிறத் தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடியது. பின்னால் குளம். வேறு வழி கிடையாது.

அக்காவின் பேனாவில் அன்று இரவுக்கு மட்டும் மருந்து இருந்தது.  ஊசி இல்லாமல் போனால் என்ன நடக்கும் என்று மருந்துக்கடைக்காரிக்குத் தெரியாதா? அத்தானிடம் சொன்னேன். அவர் பள்ளத்தை ஒரு பார்வை பார்த்தார், வானைக் குளக்கரைக்குத் திருப்பினார், கட்டிய கூடாரத்தை அவிழ்த்தார். பிறகு அடுப்பை மூட்டித் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தார்.

"அத்தான், இப்ப என்ன செய்யிறது?"

"ஒண்டும் செய்யத் தேவையில்லை. வருவினம்."

"ஆர் வருவினம்?"

"வருவினம் எண்டு சொல்லுறன் எல்லோ."

"நாங்கள் இஞ்சை இருக்கிறம் எண்டு ஆருக்குத் தெரியும்? எனக்கே தெரியாது நான் எங்கை இருக்கிறன் எண்டு!"

"உந்த எங்கை எண்ட சொல்லைக் காட்டுக்குள்ளை நிண்டு சொல்லாதையும்" என்று கோப்பையை என்னிடம் நீட்டினார். அந்தக் கோப்பையை அவர் தலையிலேயே ஊற்றலாமா என்று நினைத்தேன். அன்று முழுக்க அவர் பதறவே இல்லை. தூண்டில் போட்டார். மீன் பிடித்தார். சோறு வேண்டாம், மீனை மட்டும் சாப்பிடு என்று அக்காவிடம் நான் சொல்ல, அதை உப்புப் போட்டுச் சுட்டுக் கொடுத்தார். ஒரு மனுசனுக்கு அசட்டுத் துணிச்சல் இருக்கலாம், ஆனால் இப்படியா என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

செவ்வாய்க்கிழமை விடிந்தபோது பேனா காலி. வெயில் ஏற ஏற அக்கா தண்ணீர் தண்ணீர் என்று கேட்கத் தொடங்கினாள். குடிப்பதும் பற்றை மறைவுக்குப் போவதுமாக இருந்தாள். பிறகு பேச்சுக் குறைந்து, பாறையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். என்னால் அதற்கு மேல் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. பள்ளத்தில் இறங்கியாவது, நீந்தியாவது, பெருந்தெருவுக்கு நடந்து போய் யாரையாவது பிடிப்பது என்று முடிவுசெய்தேன். சப்பாத்தைக் கட்டினேன். ஒரு போத்தல் தண்ணீரை எடுத்துக்கொண்டு, அத்தானுக்கு முன்னால் வேண்டுமென்றே நின்றேன். எங்கே போகிறாய் என்று இப்போதாவது கேட்பார் என்று பார்த்தேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தூரமோ?" என்றார்.

அழுதுகொண்டே நடந்தேன். பயத்தில் கொஞ்சம், கோபத்தில் மிச்சம். பள்ளத்தடிக்கு வந்து, எந்தப் பக்கத்தால் இறங்குவது என்று பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் மறுகரையில் புழுதி எழும்பியது. ஒரு பெரிய பிக்கப் வண்டி, அதன் பின்னால் பொலிஸ் வண்டி. இறங்கி வந்த பொலிஸ்காரி என்னைக் கண்டதும் கையை வாயில் குவித்து, அத்தானின் முழுப்பெயரையும் தன்னால் இயன்ற அளவுக்கு உச்சரித்து, அவருடைய குடும்பமா என்று கேட்டாள்.  இந்த இடம் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கத்தினேன். உங்கள் கட்டடத்து சூப்பர் போன் பண்ணினார் என்றாள் அவள். திங்கள் பின்னேரம் வரவேண்டியவர்கள் வரவில்லை, தரிப்பிடம் வெறுமையாக இருக்கிறது என்று சொன்னாராம். எந்த றோட்டு, எந்தத் திருப்பம், எந்தக் குளம், குளத்தின் எந்தக் கரை என்பது வரை அவருக்குத் தெரிந்திருந்ததாம்.

சூப்பர் என்றால் கட்டடத்தைப் பராமரிக்கிறவர். போர்த்துக்கல்லில் இருந்து வந்த மனுசன், எப்போதும் இடுப்பில் சாவிக்கொத்தோடு திரிவார். கீழ்த்தளத்தில் குழாய் திருத்துவதும் குப்பை அறையைக் கழுவுவதும் அவர்தான். அவருக்குத் தெரிந்திருக்கிறது. எங்களுக்குத் தெரியாது.

பிக்கப்பில் கொண்டுவந்த சிறு படகில் கயிறு கட்டி அக்காவை முதலில் மறுகரைக்கு எடுத்தார்கள். பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, சேலைன் ஏற்றி, ஒரு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். றோட்டுத் திருத்தும்வரை வானைக் காட்டிலேயே விட்டுவிட்டு மூவரும் பஸ்ஸில் ரொறன்ரோ திரும்பினோம். அக்கா யன்னல் ஓரம் இருந்தாள். பாதித் தூரம் வரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு திரும்பாமலே கேட்டாள்.

"சூப்பருக்குச் சொல்லிப்போட்டே ஒவ்வொரு முறையும் வெளிக்கிடுறனீங்கள்?"

"ஓம். அவர் கேட்கிறவர்."

"நாங்கள் கேட்டால் வண்டியை நிப்பாட்டுவியள். அவர் கேட்டால் மட்டும்?"

"அவர் இங்கிலீசில கேட்கிறவர்" என்றார் அத்தான், இதைக்கூட விளக்க வேண்டுமா என்பதுபோல. "இங்கிலீசில கேட்டால் கண்ணூறு இல்லை. ஒருநாளும் ஒண்டும் நடக்கயில்லைத்தானே."

"இந்த முறை நடந்தது?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "நீங்கள் ரெண்டு பேரும் மனசுக்குள்ளை கேட்டிருப்பியள்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. "இத்தினை வருசம் பக்கத்துச் சீற்றிலை இருந்து வாறன். எனக்கு எங்கை எண்டு தெரியாது. கீழை பைப் திருத்துறவருக்குத் தெரியும்" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. அதனால்தான் எனக்குச் சிரிப்பு நின்றது. அத்தான் முன் இருக்கையின் முதுகைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

வீட்டுக்கு வந்த பிறகு அக்காவிடம் சொன்னேன், இவ்வளவுதானே விஷயம், நீயும் இங்கிலீசில் கேளன் என்று. "என்ரை மனுசனோடை நான் இங்கிலீசில கதைக்கிறதோ? எனக்கென்ன விசரோ?" என்று என்னைத்தான் ஏசினாள். அது உண்மைதான். எங்கள் மூவருக்கும் இங்கிலீசு வேலைத்தலத்தோடு சரி. வீட்டுக்குள் அதில் ஒரு வசனம் பேசினால் நாடகம் போடுவதுபோல வெட்கமாக இருக்கும். அவள் வேறு வழி கண்டுபிடித்தாள். அடுத்த கோடையிலிருந்து, வெளிக்கிடுவதற்கு முதல் நாள், சுடச்சுட வடை சுட்டுத் தட்டில் எடுத்துக்கொண்டு கீழே சூப்பரிடம் போவாள். நாங்கள் எங்கே போகிறோம் என்று அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு மேலே வருவாள். எனக்கு போன் எடுத்து மெதுவாகச் சொல்லுவாள். அத்தானுக்குத் தான் எதையும் சொல்லாத திருப்தி, அக்காவுக்கு எல்லாம் தெரிந்த திருப்தி, சூப்பருக்கு வடை. புருசனும் பெண்சாதியும் ஒரே வானில், ஒரே இடத்துக்குப் போக, நடுவில் ஒரு போர்த்துக்கேயர் வேண்டியிருந்தது. இதை நான் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

அக்கா போய் இரண்டு வருடம் ஆகிறது. காடும் றோட்டும் அவளை ஒன்றும் செய்யவில்லை. சிறுநீரகம்தான் கைவிட்டது. அதற்கு முன்பே சூப்பர் ஓய்வு பெற்று மகளோடு இருக்கப் போய்விட்டார். இப்போது அந்தக் கட்டடத்தில் ஏதாவது முறையிட வேண்டுமென்றால் ஓர் இலக்கத்துக்கு அழைத்துப் பொத்தான்களை அழுத்திக்கொண்டு நிற்க வேண்டும். அத்தானுக்கு எழுபது தாண்டிவிட்டது. காது ஒன்று மந்தம். இந்த வயதிலும் அவர் போவதை நிறுத்தவில்லை. போன கோடையில் தனியே போனார். போனதே எனக்குத் தெரியாது. நான்கு நாளாகப் போன் எடுக்காமல் இருக்க, நான் கதவைத் தட்டி, பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டு, தரிப்பிடத்துக்கு ஓடிப் பார்த்தால், நான்கு நசிந்த தேசிக்காய்கள் கிடந்தன. ஐந்தாம் நாள் புழுதியோடு வந்து இறங்கினார். வாயில் வந்ததையெல்லாம் சொல்லி ஏசினேன். செய்மதியோடு பேசுகிற ஒரு சின்னக் கருவியையும் வாங்கிக் கொடுத்தேன், எங்கே நின்றாலும் அது எனக்குக் காட்டும் என்று. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது எந்த நேரமும் எங்கை எங்கை எண்டு கேட்டுக்கொண்டிருக்கிற சாமான் எல்லோ" என்று மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டிவிட்டார். அந்த மனுசனை என்ன செய்வது? ஒரு நாளைக்கு ஏதாவது ஒரு கல் றோட்டில் வான் புரண்டு கிடக்கும், யாருக்கும் தெரியாமலே போய்விடும் என்ற பயம் எனக்கு அன்று தொடக்கம் தூக்கத்திலும் விடவில்லை.

இந்த வருடம், ஓகஸ்ட் விடுமுறைக்கு முந்திய வெள்ளி காலை, மருந்துக்கடையில் நான் நிற்கும்போது போன் அடித்தது. அத்தான்.

"ஹலோ, குட் மோர்னிங். திஸ் இஸ் யுவர் பிரதர் இன் லோ ஸ்பீக்கிங்."

கையில் இருந்த மருந்துப் போத்தலை மேசையில் வைத்துவிட்டேன். இத்தனை வருடத்தில் அவர் என்னோடு இங்கிலீசில் ஒரு சொல் பேசியதில்லை. பாரிசவாதம் வந்தால் ஆட்களின் பேச்சு இப்படித் திடீரென்று மாறும் என்பது எனக்குத் தெரியும். "அத்தான், என்ன செய்யுது? வாய் கோணுதோ? ரெண்டு கையையும் தூக்கிப் பாருங்கோ" என்று கத்தினேன். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

மறுமுனையில் வானின் இயந்திரம் உறுமுவது மட்டும் கேட்டது. பிறகு, பொறுமையிழந்த குரலில், "இங்கிலிஷ், பிளீஸ்" என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கடையின் பின்பக்க அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். முப்பது வருடமாக விழுங்கிய கேள்வி. அதை எந்தச் சுருதியில் கேட்பது என்றே தெரியவில்லை. வேலைத்தலத்தில் ஒருவரிடம் கேட்பதுபோலக் குரலை வைத்துக்கொண்டு கேட்டேன்.

"வேர் ஆர் யூ கோயிங்?"

அவர் சொன்னார். எந்தப் பெருந்தெரு, அதில் எந்த ஊருக்குப் பிறகு எந்தத் திருப்பம், கல் றோட்டில் எத்தனையாவது பாலம், குளத்தின் எந்தக் கரை. பாடமாக்கிய பிள்ளைபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னார். மண்டே ஈவினிங் கம்மிங், நொட் கம்மிங், கோல் தி பொலிஸ் என்றார். நான் எல்லாவற்றையும் திருப்பிச் சொல்லிக் காட்டினேன். கரெக்ட், கரெக்ட் என்றார். வைக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் வைக்கவில்லை.

"ஐ ஷுட் ஹாவ் டோல்ட் யுவர் சிஸ்டர்" என்றார்.

அதற்கு இங்கிலீசில் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. தமிழில் சொன்னால் இறங்கி வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுவாரோ என்று பயமாகவும் இருந்தது. "டிரைவ் கெயர்ஃபுல்லி" என்றேன்.